பழைய இரும்பு எருமை

போன மாதம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடைக் கம்பியைச் சரி செய்துகொள்ள வேலூரில் என் கொட்டகைக்கு வந்தார். வாசலில் நிற்கும் இரும்பு எருமையைப் பார்த்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு சுற்று வந்தார். "இது சிற்பம்யா, சிற்பம்!" என்றார். குடையைக் கொடுத்துக் கூலி கேட்டதும் சிற்பம் மறந்துபோயிற்று. ஒரு கம்பியை வளைத்ததற்குக் கூலியா என்று முகத்தைச் சுளித்தார். சிற்பம் என்று வாய் நிறையச் சொல்கிறவர்கள் எனக்குத் தெரிந்து எல்லோரும் இந்த ரகம்தான்.

போகும்போது, "இதை எந்த ஆசாரி பண்ணான்?" என்று கேட்டார். நான் எதிரிலேயே நிற்கிறேன். கையில் சுத்தியல், முகமெல்லாம் கரி. என்னைப் பார்த்துத்தான் எந்த ஆசாரி என்று கேட்கிறார். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. இதனால் எனக்கு ஒரு வேலையும் ஒரு வீடும் போயிருக்கின்றன. அதைத்தான் எழுதப்போகிறேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் ஒரு தோல் மண்டி. பச்சைத் தோலாக உள்ளே போவது பதனிட்ட தோலாக வெளியே வரும். அது மதராஸ் போய், அங்கிருந்து கப்பலில் லண்டன் போகும். பெரிய யுத்தத்தில் சிப்பாய்களுக்கு பூட்ஸ் வேண்டியிருந்ததால் மண்டி முதலாளிகள் கொழுத்தார்கள். யுத்தம் முடிந்து, செத்த சிப்பாய் போக மிச்ச சிப்பாய் ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். முதலாளிகளின் கொழுப்பு மட்டும் இறங்கவில்லை. அந்தச் சமயத்தில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் ஜோலார்பேட்டையில் ரயில் இஞ்சின் கொட்டகையில் இருந்தேன். இரும்பைக் காய்ச்சி அடிக்கவும், ரிவிட் அறையவும், வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷில் திட்டு வாங்கவும் அங்கேதான் கற்றேன். எழுதப் படிக்கக் கற்றது மிஷன் பள்ளிக்கூடத்தில், நாலாவது வரைக்கும்.

மண்டியின் நாற்றத்தைப் பற்றி எழுதி யாரிடமும் பரிதாபம் வாங்க எனக்கு விருப்பமில்லை. மூன்று நாளில் மூக்கு பழகிவிடும். எத்தனை வருஷமானாலும் பழகாதது மேஸ்திரியின் வாய்தான்.

என் வேலை இரும்பு வேலை. தோலின் உள்பக்கச் சவ்வைச் சீவுகிற கத்தி ஒன்று உண்டு. வில்போல வளைந்து இரண்டு பக்கமும் பிடி வைத்தது. அவற்றைத் தீட்டித் தர வேண்டும். கிணற்றுச் சகடை, வண்டிப் பட்டை, வாளி, கீல் எது போனாலும் என்னிடம் வரும். என் உலைக்களம் மட்டும் மண்டிச் சுவருக்கு வெளியே இருந்தது. காரணம் இருந்தது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலில் இரும்பு பட்டால், பட்ட இடம் மை கொட்டினதுபோலக் கறுத்துப்போகும். அந்தத் தோலை லண்டன்காரன் தொடமாட்டான். அதனால் தோலின் மயிரை உதிர்க்கிற சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம்வரை கத்தி போகலாம். பட்டைத் தொட்டிப் பக்கம் ஒரு ஆணிகூடப் போகக்கூடாது. அங்கே முளைகள் மரத்தில் இருக்கும், கொக்கிகள் பித்தளையில் இருக்கும். பெண்கள் இரும்பு வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இந்தச் சட்டமெல்லாம் பெரிய முதலாளி போட்டது. அவர் தொட்டியில் கை விட்டுத் தொழில் கற்ற மனிதர்.

ஊர்க்காரர்கள் மண்டிக்காரர்களைத் தொடமாட்டார்கள். மண்டிக்காரர்கள் என்னைப் பட்டைத் தொட்டிப் பக்கம் விடமாட்டார்கள். மண்டிக்காரர்களுக்காவது ஒரு காரணம் இருந்தது.

உலைக்களத்துக்குப் பின்னால் உடைந்த இரும்பு மலைபோலக் குவிந்துகொண்டே வந்தது. வேலை இல்லாத நேரத்தில் அதிலிருந்து எதையாவது எடுத்து எதையாவது செய்வேன். முதலில் ஜட்கா குதிரையின் லாட ஆணிகளில் ஒரு சேவல் செய்தேன். பிறகு ஒரு நண்டு. பிறகு, வாய் கொழுத்துப்போய், ஒரு மேஸ்திரி செய்தேன். நசுங்கின மண்ணெண்ணெய் டின் வயிறு. உடைந்த குறடு ஒன்றே இரண்டு காலும் ஆயிற்று. வாய்க்கு ஒரு எலிப்பொறி வைத்தேன். பட்டை சுமக்கிற பெண்கள் கூட்டமாக வந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது மேஸ்திரியே வந்துவிட்டார்.

"யார்ரா இது?"

"யாரும் இல்ல மேஸ்திரி. தகர டின்னு."

"வாய் மட்டும் இன்னாத்துக்குடா இவ்ளோ பெருசு?"

"எலிப்பொறி மேஸ்திரி. வேற ஒண்ணும் ஆப்டல."

பட்டைக் கூடையைத் தலையில் வைத்திருந்த ஒருத்தி சொன்னாள்: "மேஸ்திரி, அது நீங்க இல்ல மேஸ்திரி. அதுக்கு வாய் மூடுது."

மேஸ்திரி அதை எட்டி உதைத்தார். காலில் அடிபட்டது அவருக்குத்தான். அன்றிலிருந்து என்மேல் கண்.

எருமையை நான் யோசித்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னால் பொய். தேய்ந்துபோன சவ்வுக் கத்திகள் இரண்டை ஒருநாள் சுவரில் எதிரும் புதிருமாகச் சாய்த்து வைத்தேன். கொம்புபோல நின்றன. கொம்பு வந்துவிட்டதால் அதற்கு ஒரு தலை வேண்டியிருந்தது. தலை வந்ததும் உடம்பு வேண்டியிருந்தது. வண்டிச் சக்கரப் பட்டைகளை வளைத்து விலா எலும்பு வைத்தேன். உடைந்த பம்புத் தண்டு முதுகெலும்பு ஆயிற்று. தேய்ந்த மண்வெட்டித் தகடுகள் காது. மாட்டுக்கு அடிக்கிற லாடம் ஒரு குளம்புக்கு இரண்டு துண்டாக வரும். அது எனக்கு வசதியாகப் போயிற்று, பிளவுபட்ட குளம்பு அப்படியே கிடைத்தது. கிணற்று வாளிச் சங்கிலி வால். ஒவ்வொரு மூட்டையும் ரிவிட் அறைந்து பொருத்தினேன். ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. எருமைகள் வண்டி வண்டியாக வெறும் தோலாக வந்து இறங்குகிற இடத்தில், தோலே இல்லாத எருமை ஒன்று நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

என் பெண்டாட்டி பட்டை இடிக்கிற வேலை பார்த்தாள். சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

"இன்னாய்யா, அவனவன் பொண்டாட்டிக்குக் கம்மல் பண்ணிப் போடறான். நீ எருமைக்குக் காது பண்றியா?"

"கையக் காட்டு. உனக்கும் இரும்புல ஒரு வளையல் பண்றேன்."

"போட்டுக்கினு எங்க போறது? பட்டைத் தொட்டிப் பக்கம் போனா மேஸ்திரி கையோட ஒடிச்சி எடுப்பான்."

அந்த வருஷம் பெரிய முதலாளி ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறினார். போய்வர மாசக்கணக்காகும். மண்டியைப் பார்த்துக்கொள்ள அவருடைய மருமகன் மதராஸிலிருந்து வந்தார். சின்ன முதலாளி என்போம். தோலைக் கட்டுக் கட்டாக விற்றுத்தான் அவருக்குப் பழக்கம். தொட்டியில் கிடக்கிற தோலை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்ப்பார். வந்த முதல் வாரம் சுவருக்கு வெளியே வந்தவர் எருமையைப் பார்த்துவிட்டார்.

"அரே! இது இன்னா மேஸ்திரி?"

"குப்பை முதலாளி. இன்னிக்கே எடுத்து எறியச் சொல்றேன்."

"எறியாதே! ஃபர்ஸ்ட் கிளாசா இருக்குது!"

"அதான் முதலாளி நானும் இவன்கிட்ட சொன்னேன், எறியாதடான்னு."

எறிவதற்கும் எறியாததற்கும் நடுவில் மேஸ்திரி மூச்சுகூட விடவில்லை.

லண்டன் கம்பெனிக்குத் தோல் வாங்குகிற துரை ஒருவன் அடுத்த மாதம் மண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. எருமையை வாசலில் நிறுத்தச் சொன்னார் சின்ன முதலாளி. எட்டுப் பேர் தூக்கிப்போய் நிறுத்தினோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்? மேல்விஷாரத்து மண்டி முதலாளிகள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். நான் பின்னங்காலில் ஒரு ரிவிட்டை இறுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். என் தலைக்கு மேலே சின்ன முதலாளியின் குரல் கேட்டது.

"மதராஸ்ல இருக்கும்போதே படம் போட்டு வச்சிருந்தேன். வந்ததும் ஆளுங்கள வச்சு செஞ்சுட்டேன்."

நான் எழுந்தேன். மேஸ்திரி என் கால்மேல் தன் காலை வைத்து அழுத்தினார். வந்தவர்கள் "சபாஷ்" என்றார்கள். ஒரு வருஷம் நான் உலையில் வெந்ததற்கான சபாஷ், அத்தர் வாசனை அடிக்கிற சின்ன முதலாளியின் சட்டைப் பையில் போய் விழுந்தது.

மறுநாள் அவர் தனியாக இருக்கும்போது போய் நின்றேன்.

"முதலாளி, ஒரு விஷயம்."

"இன்னா?"

"தொர வரும்போது, இத இவன் செஞ்சான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

அவருக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. "உன்னைத் தெரிஞ்சுக்கினு தொர இன்னா பண்ணப்போறான்? மண்டி யாரோடது? இரும்பு யாரோடது?"

"இரும்பு உங்களுது முதலாளி. எருமை என்னுது."

சிரிப்பு நின்றது. "இத இன்னொரு வாட்டி சொல்றதுன்னா, லைன் வீட்டுச் சாவிய மேஸ்திரிகிட்ட குடுத்துட்டு வந்து சொல்லு."

லைன் வீடு என்பது மண்டி ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில் ஒன்று. வேலை இருந்தால் அறை, வேலை போனால் அன்றைக்கே தெரு. வீட்டில் போய்ச் சொன்னேன். பெண்டாட்டி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"அவரு செஞ்சதாவே இருக்கட்டுமே. எங்கப்பன் இவன் இல்லன்னு எருமை இன்னா அழுவுதா?"

"எனக்கு எரியுதுடி."

"எரியட்டும். வேலை போச்சுன்னா மழையில எங்க ஒண்டறது? எருமை வயித்துக்குள்ளயா? அதுலயும் நீ விலா எலும்ப இடம் விட்டு இடம் விட்டு வச்சிருக்க."

அவள் சொன்னது நியாயம். வாயைத் திறக்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். துரை வருகிற தினம் உலைக்களத்தைவிட்டு நகர்வதில்லை என்றும் முடிவு செய்தேன்.

துரை வருவதற்கு முதல் நாள் சின்ன முதலாளிக்குப் புதுசாக ஒரு யோசனை உதித்தது. தோல் மண்டி வாசலில் தோல் இல்லாத எருமை நிற்கலாமா? மண்டியிலேயே சிறந்த தோலை அதற்குப் போர்த்த வேண்டும், துரை பிரமிக்க வேண்டும். காய்ந்த தோலைப் போர்த்தினால் கூடாரம்போல நிற்கும். ஈரத்தோடு இழுத்துத் தைத்தால் காயும்போது இறுகி உடம்போடு ஒட்டும். இதுவரைக்கும் அவர் சொன்னது சரிதான். ஈரத் தோல் எந்த உருவத்தின்மேல் காய்ந்தாலும் அந்த உருவத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தோலில் பிழைக்கிற எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருப்பது இரும்பு என்பது மட்டும் அவருக்குப் பொருட்டாகப் படவில்லை.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பட்டைத் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட எடுத்த தோலை நாலு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தழும்பு இல்லாத தோல். அதைப் பார்த்ததும் கொடுத்த வாக்கு மறந்துவிட்டது.

"முதலாளி, இரும்பு மேல ஈரத் தோல் ஆவாது."

"யோவ், நான் தோல் வியாபாரி. நீ இரும்பு அடிக்கிறவன். எனக்கு நீ சொல்லித் தரியா?" மேஸ்திரி பக்கம் திரும்பினார். "இன்னா மேஸ்திரி, ஆவுமா ஆவாதா?"

அங்கே நாற்பது பேர் நின்றார்கள். பட்டைத் தண்ணீரில் ஊறி நகமெல்லாம் பழுப்பேறின நாற்பது பேர். மூக்குத்தித் திருகாணிகூட இரும்பாக இருக்கக்கூடாது என்று கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்கள். எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி ஆகாயத்தைப் பார்த்தார்.

"முதலாளி சொன்னா ஆவும்" என்றார்.

அந்த நாற்பது பேரும் அதன்பிறகு தரையைப் பார்த்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் உண்டு. என்னைப்போல அவர்களுக்கும் லைன் வீடு என்பது தெரியும், தெரிந்தும் கோபம் உண்டு.

என்னால் முடிந்தது, எருமையின் உடம்பு முழுக்க விளக்கெண்ணெயை அப்பினேன். கொஞ்சமாவது தடுக்கும் என்று பார்த்தேன். எண்ணெய்க் கறை தோலில் பட்டுவிடும் என்று சின்ன முதலாளி துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார். துணியால் பளபளவென்று துடைத்தது மேஸ்திரி. பிறகு தோலைப் போர்த்தி, இழுத்து, வயிற்றுக்கு அடியில் வாரால் தைத்தார்கள். தலையை மட்டும் விட்டுவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அது நிஜ எருமை மாதிரி நின்றது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

காலையில் மேஸ்திரி போட்ட சத்தத்தில் லைன் வீடு முழுக்க எழுந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு விலா எலும்பும் தோலின்மேல் கறுப்புக் கோடாக வந்திருந்தது. ஒவ்வொரு ரிவிட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. முதுகுத்தண்டு கழுத்திலிருந்து வால்வரைக்கும் மை இழுத்ததுபோல ஓடியது. தோலுக்கு உள்ளே இருந்துகொண்டு என் எருமை தன்னைத் தானே வரைந்து காட்டிவிட்டது. எந்த மூட்டில் எத்தனை ஆணி அறைந்தேன் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது.

"சிரிக்கிறியா? ஓடுறா, எலுமிச்சம்பழம் வாங்கியா!" என்றார் மேஸ்திரி. இரும்புக் கறைக்கு எலுமிச்சைதான் மண்டியில் வைத்தியம். கைக்குட்டை அகலக் கறைக்கு அரை மூடி போதும். ஒரு முழு எருமைக்கு எவ்வளவு? சின்ன முதலாளி ஆம்பூர் மார்க்கெட்டுக்கு வண்டி அனுப்பி ஒரு மூட்டை வாங்கிவரச் சொன்னார். பத்துப் பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு பழமாக அறுத்து அறுத்துத் தேய்த்தார்கள். மேலே வெளுத்தது மாதிரி தெரிந்தது. ஆனால் சாறு தோலைக் கடந்து உள்ளே இறங்கி, இரும்பைத் தின்று, அதையும் சேர்த்துக்கொண்டு திரும்ப வந்தது. தேய்க்கத் தேய்க்கக் கோடெல்லாம் அகலமாயிற்று.

"இன்னும் தேய்ங்கடா!"

"மேஸ்திரி, இன்னும் தேய்ச்சா ராத்திரி மாதிரி ஆய்டும் மேஸ்திரி."

அந்தச் சமயத்தில் துரையின் மோட்டார் வந்து நின்றது.

துரை நெட்டையாக, வெயிலில் சிவந்துபோய் இருந்தான். பக்கத்தில் இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்ல ஒரு குமாஸ்தா. துரை பார்த்தது இதுதான்: வாசல் நடுவில் கறுப்புக் கோடு போட்ட ஒரு எருமை. அதைச் சுற்றிப் பத்துப் பேர். எல்லோர் கையிலும் அறுத்த எலுமிச்சம்பழம். தரையெல்லாம் பழத்தோல். அவன் ஏதோ மெதுவாகக் கேட்டான்.

குமாஸ்தா சொன்னார்: "இது பூஜையான்னு தொர கேக்கறாரு."

சின்ன முதலாளி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். எருமையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், தோல் வியாபாரி தோலைக் கெடுத்தான் என்று லண்டன்வரைக்கும் போகும். "ஆமான்னு சொல்லு" என்றார். "கூலிக்காரங்க வழக்கம். அவங்க சாமி. நாங்க அதுல தலையிடறதில்ல."

குமாஸ்தா சொன்னார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது, அதனால் இன்னும் கேவலமாகிவிட்டது. பட்டை சுமக்கிற பெண் ஒருத்தி, என்னவோ ஏதோ என்று பயந்து, எருமையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். மேஸ்திரியும் போட்டார். என் பெண்டாட்டி மட்டும் கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காதே என்று கண்ணால் சொன்னாள்.

துரை அடுத்ததாகக் கேட்டான். குமாஸ்தா: "ரொம்ப நல்லா இருக்குதாம். இந்தச் சாமிய யார் செஞ்சதுன்னு கேக்கறாரு."

இத்தனை நாள் ஊரெல்லாம் 'நான் செய்தேன், நான் செய்தேன்' என்று சொல்லிக்கொண்டிருந்த சின்ன முதலாளி, இப்போது சாமி என்று சொல்லிவிட்டார். எந்த முகத்தோடு 'நான் செய்தேன்' என்பார்? மாமனார் வேறு மக்காவில் இருக்கிறார்.

"யாரும் செய்யல" என்றார் சின்ன முதலாளி. "அது தானா இருக்குது. ரொம்ப ரொம்பப் பழசு."

அவர் செய்ததாகச் சொன்னபோதுகூட நான் பொறுத்தேன். அதையாவது ஒரு மனுஷன் செய்ததாகச் சொன்னார். யாருமே செய்யவில்லை என்றதும் எனக்குக் கண் இருட்டியது. ஒரு வருஷம், ஒவ்வொரு ரிவிட்டாக, கை வெந்து கொப்புளம் போட்டு. தானா இருக்குதாம்! லைன் வீடு, வாக்கு, பெண்டாட்டியின் கண் எதுவும் நினைவில் நிற்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு துரைக்கு முன்னால் போய் நின்றேன். இஞ்சின் கொட்டகை இங்கிலீஷ் எனக்கு இருந்தது.

"நோ காட், சார்" என்றேன். "பஃபலோ. ஐ மேக்."

துரை என்னைப் பார்த்தான். நான் எருமையின் கொம்பை அவனுக்குத் தடவிக் காட்டினேன். அது சீமையிலிருந்து வந்த கத்தி. இத்தனை தேய்ந்த பிறகும் செய்த ஊரின் பெயர் இங்கிலீஷ் எழுத்தில் அதில் இருந்தது. ரொம்ப ரொம்பப் பழைய சாமியின் கொம்பில் தன் ஊர் எழுத்தைத் துரை குனிந்து படித்தான். தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டான். அப்புறம் தோலின் ஓரத்தைத் தூக்கி, அடியில் கறுத்திருப்பதை விரலால் தொட்டு முகர்ந்தான். அவனும் தோல்காரன்தானே. சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டான்.

"ஈரத் தோல இரும்பு மேல போத்தின அறிவாளி யாருன்னு கேக்கறாரு" என்றார் குமாஸ்தா.

"இவன்தான்!" என்றார் சின்ன முதலாளி, என்னைக் காட்டி.

"இவன்தான் தொர!" என்றார் மேஸ்திரி. "எருமை பண்ணதும் இவன், தோலக் கெடுத்ததும் இவன், எல்லாமே இவன் வேலை!"

கேட்டு அலைந்தபோது ஒருவர் வாயிலும் வராத வார்த்தை, அன்றைக்கு எல்லோர் வாயிலும் வந்தது. துரைக்கு முன்னால், மண்டி முழுக்க நிற்க, என் எருமை என்னுடையது என்று மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினார். அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இருந்தது.

துரை உள்ளே போய்க் கட்டுகளைப் பார்த்து எப்போதும்போல வாங்கிக்கொண்டு போனான். சின்ன முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் மத்தியானத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான்.

எருமையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, "அதையும் எடுத்துக்கினு போவட்டும், என் கண்ணுல படக்கூடாது" என்றாராம் சின்ன முதலாளி. கெட்டுப்போன தோலை மட்டும் மேஸ்திரி அறுத்து எடுத்துக்கொண்டார். முதலாளி சொத்து விரயமாகக் கூடாதாம். அதை வெட்டிச் செருப்புத் தைத்துப் போட்டுக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வேலூரில் என் மச்சானுக்கு ஜட்கா வண்டி பழுது பார்க்கிற கொட்டகை இருந்தது. அங்கே போவதாக முடிவு. வாடகைக்கு ஒரு மாட்டு வண்டி பிடித்து, சட்டி பானை பாயோடு எருமையையும் ஏற்றினோம். முன்தினம் தரையைப் பார்த்தவர்கள்தான் வந்து தூக்கிக் கொடுத்தார்கள். ஒருவன் என் தோளைத் தட்டி, "நல்லா சொன்னடா" என்றான். நேற்று நீ எங்கேடா போனாய் என்றேன். கையை எடுத்துக்கொண்டான்.

வழி முழுக்கப் பெண்டாட்டி என்னோடு பேசவில்லை. பள்ளிகொண்டாவில் இறங்கிச் சோறு ஆக்கினாள், போட்டாள், பேசவில்லை. எருமையின் கொம்பில் துணி மூட்டையை மாட்டிவிட்டு அதன் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாள். வாக்குக் கொடுத்து மீறினவன் நான்.

மறுநாள் வேலூருக்குள் நுழைகிற இடத்தில் சுங்கச் சாவடிக்காரன் வண்டியை நிறுத்தினான். காதில் பென்சில் செருகின ஆள். வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தான்.

"இன்னாய்யா சாமான்? பழைய இரும்பா, சாமியா? எதுன்னு எழுதறது?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. இரண்டு நாளில் முதல் பேச்சு.

"ரெண்டும் இல்ல. எருமைன்னு எழுது. எங்க வூட்டுக்காரரு செஞ்ச எருமை. எங்க வேலையத் துன்னுட்டு, வூட்டையும் துன்னுட்டு, இப்ப வேலூரத் துன்ன வந்துகுது."

சாவடிக்காரன் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினான். எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவன் நினைத்திருக்கமாட்டான். எட்டிப் பார்த்தேன். 'பழைய இரும்பு, ஒரு வண்டி' என்று இருந்தது.

"அத அடிச்சிட்டு எழுது" என்றேன்.

"இன்னாத்துக்கு? இரும்புதானேய்யா? போ போ, பின்னால வண்டிங்க நிக்குது."

"நிக்கட்டும். அவ சொன்னத எழுது."

பின்னால் விறகு வண்டி, நெல் வண்டி, ஒரு ஜட்கா என்று வரிசை கட்டிவிட்டது. வண்டிக்காரர்கள் என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள். ஜட்காவுக்குள் இருந்த ஒரு வக்கீல் தலையை நீட்டி, என்ன தகராறு என்று அதட்டினார். நான் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். பெண்டாட்டி இறங்கிவந்து என் பக்கத்தில் நின்றாள். என்னைக் கூட்டிப்போக வந்தாள் என்றுதான் நினைத்தேன். கயிற்றின் மறுபக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

"எழுதுய்யா, இன்னா எழுத்துக்கா பஞ்சம்?" என்றாள் அவனைப் பார்த்து.

வெயில் ஏறியது. சாவடிக்காரன் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினதை அடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குக் கீழே எழுதி, நோட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

'இரும்பு எருமை ஒன்று. செய்தவன் வண்டியோடு வருகிறான்.'

இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டச் சொன்னேன்.